காக்காயையும் எண்ண வேண்டுமா?

மாட்டுப் பொங்கல் காலை. மணி ஆறே முக்கால் இருக்கும். நோட்டும் பேனாவுமாக மொட்டைமாடியில் நின்று கரண்ட் கம்பியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வாசலில் கோலம் போட்டுக்கொண்டிருந்த பக்கத்து வீட்டு அக்கா நிமிர்ந்து பார்த்தார்.

"என்ன தம்பி, கம்பியில என்ன இருக்கு?"

"பறவை எண்ணுறேன்க்கா."

"என்ன பறவை?"

"காக்கா பதினொண்ணு, மைனா நாலு, ஒரு கரிச்சான்."

"காக்காயையுமா எண்ணுவாங்க?" என்று சிரித்துவிட்டு, புள்ளியை விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார்.

நியாயமான கேள்விதான். புலியை எண்ணுகிறார்கள், யானையை எண்ணுகிறார்கள், சரி. தினமும் சோறு வைத்துக் கூப்பிடுகிற காக்காயை எதற்கு எண்ண வேண்டும்? அன்று மாடியில் நின்று சொல்ல முடியாத பதிலை இங்கே எழுதிப் பார்க்கிறேன்.

நான் செய்துகொண்டிருந்ததற்குப் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பு என்று பெயர். தமிழ்நாட்டுப் பறவை ஆர்வலர்கள் 2015இல் தொடங்கியது. ஆண்டுதோறும் பொங்கலை ஒட்டி நான்கு நாட்கள் நடக்கும். யார் வேண்டுமானாலும் சேரலாம். மாடி, வயல், பள்ளிக்கூட மைதானம், கண்மாய்க்கரை என்று எந்த இடமும் சரிதான். குறைந்தது 15 நிமிடம் நின்று, கண்ணில் பட்ட பறவைகளையும் காதில் விழுந்த பறவைகளையும் இனம் வாரியாக எண்ணி, இ-பேர்டு என்ற இணையதளத்திலோ அதன் செயலியிலோ பதிய வேண்டும். அவ்வளவுதான் வேலை. கேரளத்தில் ஓணத்துக்கும் அசாமில் பிஹுவுக்கும் இதேபோல் எண்ணுகிறார்கள். பிப்ரவரியில் உலகம் முழுக்க ஒரு நான்கு நாள் கணக்கெடுப்பு உண்டு. 1998இல் வட அமெரிக்காவில் வீட்டுத் தோட்டப் பறவைகளுக்காகத் தொடங்கி, 2013இல் எல்லா நாடுகளுக்கும் விரிந்தது அது.

பண்டிகை நாளைத் தேர்ந்தெடுத்ததற்கு முதல் காரணம் லீவுதான். வெளியூரில் இருப்பவர்கள் ஊருக்கு வந்திருப்பார்கள், பிள்ளைகள் வீட்டில் இருப்பார்கள். பொங்கலுக்கு மட்டும் இன்னொரு காரணமும் உண்டு. வலசை வந்த பறவைகள் ஜனவரியில் நம் ஊரில்தான் இருக்கும். கம்பியில் வரிசையாக உட்காரும் தகைவிலான், வாலை ஆட்டிக்கொண்டே வரப்பில் நடக்கும் வாலாட்டி, மாந்தோப்பில் மஞ்சளாக மின்னி மறையும் மாங்குயில், கூட்டம் கூட்டமாகச் சோளக்கொல்லையில் இறங்கும் சூறைக்குருவி எல்லாம் அப்போது வந்திருக்கும். காலை ஆறு மணிக்கும் மாலை ஆறு மணிக்கும் குரல் கொடுப்பதால் ஆறுமணிக்குருவி என்று பெயர் வாங்கியது ஒன்று உண்டு. அதுவும் இமயமலை அடிவாரப் பக்கத்திலிருந்து குளிர்காலத்துக்கு இங்கே வந்து தங்குகிற விருந்தாளிதான். பெயர் வைத்தவர் கையில் கடிகாரம் இருந்திருக்க வேண்டும்.

இந்தப் பழக்கம் ஆரம்பித்த கதை கொஞ்சம் விசித்திரமானது. அமெரிக்காவில் கிறிஸ்துமஸ் அன்று இரண்டு அணியாகப் பிரிந்து துப்பாக்கியோடு கிளம்புவார்கள். எந்த அணி அதிகம் சுட்டுக்கொண்டு வருகிறதோ அதற்கு வெற்றி. 1900ஆம் ஆண்டு ஃபிராங்க் சாப்மன் என்ற பறவையியலாளர், இந்த முறை சுட வேண்டாம், எண்ணிக்கொண்டு வருவோம் என்றார். அந்தக் கிறிஸ்துமஸ் அன்று 25 இடங்களில் 27 பேர் எண்ணினார்கள். எனக்குப் பிடித்தது அந்த 27 என்கிற எண்தான். ஒரு டவுன் பஸ் கூட நிறையாது. ஆனால் அந்தக் கணக்கெடுப்பு இன்றுவரை நிற்காமல் நடக்கிறது.

விஞ்ஞானி அல்லாத சாதாரண மக்கள், எல்லாருக்கும் பொதுவான ஒரு முறையின்படி தகவல் சேகரித்துத் தருவதை மக்கள் அறிவியல் என்கிறார்கள். இதில் உயிர் அந்த 'பொதுவான முறை' என்ற இடத்தில் இருக்கிறது. அது இல்லாவிட்டால் வெறும் ஊர்க்கதை.

என் முதல் நோட்டைப் பார்த்தால் இது புரியும். புதிதாகப் பறவை பார்க்க ஆரம்பித்தவன் எப்படி எழுதுவானோ அப்படியே எழுதியிருந்தேன். மீன்கொத்தி, கொண்டலாத்தி, தேன்சிட்டு, ஒரு நாள் பாம்புத்தாரா. அழகானவை, அரியவை, பார்த்ததும் துள்ள வைத்தவை மட்டும். காகம் இல்லை, மைனா இல்லை, தவிட்டுக்குருவி இல்லை. அந்த நோட்டை இப்போது ஒரு ஆராய்ச்சியாளரிடம் கொடுத்தால், அந்த ஊரில் காகமே கிடையாதோ என்று அவர் நினைக்கலாம். அல்லது, இவன் காகத்தை எழுதும் வழக்கம் இல்லாதவன் என்று நினைக்கலாம். இரண்டில் எது என்று அவருக்குத் தெரிய வழியில்லை. அந்தச் சந்தேகம் ஒன்றே போதும், நோட்டு முழுவதும் பயனில்லாமல் போவதற்கு.

அதனால்தான் பட்டியலைப் பதியும்போது இ-பேர்டு கடைசியில் ஒரு கேள்வி கேட்கிறது: அடையாளம் தெரிந்த பறவைகள் எல்லாவற்றையும் எழுதிவிட்டீர்களா? ஆம் என்றால் அது முழுப் பட்டியல். முழுப் பட்டியலில் ஒரு பறவையின் பெயர் இல்லை என்றால், அந்த 15 நிமிடத்தில் அந்த இடத்தில் அது உங்கள் கண்ணுக்கும் காதுக்கும் எட்டவில்லை என்று பொருள். எழுதாமல் விட்ட பெயரும் தகவலாகிவிடுகிறது. புதிதாக வருபவர்களுக்கு இது ஒன்று பிடிபட்டால் போதும், மற்றதெல்லாம் பழக்கத்தில் வந்துவிடும்.

ஒரு உதாரணம் வைத்துப் பார்ப்போம். எண்கள் நானாகப் போட்டவை. ஒரு மாவட்டத்தில் இந்த ஆண்டு 100 முழுப் பட்டியல்கள் வந்தன, அவற்றில் 40இல் பனங்காடை இருந்தது. பத்து ஆண்டு கழித்து ஆர்வம் கூடி 1,000 பட்டியல்கள் வருகின்றன. 200இல் பனங்காடை. முன்பு 40 இடத்தில் பார்த்தார்கள், இப்போது 200 இடத்தில் பார்க்கிறார்கள், ஆகவே பெருகிவிட்டது என்று தோன்றும். ஆனால் அன்று நூற்றுக்கு நாற்பது, இன்று நூற்றுக்கு இருபது. பாதியாகக் குறைந்திருக்கிறது. பார்க்கிறவர்கள் எத்தனை பேர், எவ்வளவு நேரம், எவ்வளவு தூரம் என்பதைச் சேர்த்துப் பார்த்தால்தான் இது தெரியும். எண்ணிக்கையோடு நேரத்தையும் தூரத்தையும் கேட்பது இதற்காகத்தான்.

பனங்காடையைச் சும்மா இழுக்கவில்லை. நாடெங்கும் 30,000க்கும் மேற்பட்ட பறவை ஆர்வலர்கள் பதிந்த சுமார் 3 கோடி பதிவுகளை வைத்து 2023இல் இந்தியப் பறவைகளின் நிலை குறித்த அறிக்கை வெளியானது. 942 இனங்களை அலசி, 178 இனங்கள் உடனடிக் கவனம் வேண்டுபவை என்றது. அதில் பலரையும் உலுக்கியது பனங்காடைதான். வெகுவாகக் குறைந்துவிட்டதால், அழியும் ஆபத்து குறித்து உலக அளவில் மறுமதிப்பீடு செய்ய வேண்டும் என்று அந்த அறிக்கை பரிந்துரைத்த 14 இனங்களில் அதுவும் ஒன்று. காட்டுக்குள் ஒளிந்து வாழும் அரிய பறவை இல்லை அது. சாலையோரக் கம்பியில் உட்கார்ந்திருக்கும், பறந்தால் நீலம் நீலமாக விரியும். எல்லாரும் பார்த்த பறவை. எல்லாரும் பார்த்த பறவை குறைவதுதான் யார் கண்ணிலும் படாமல் நடக்கும்.

இதை அக்காவிடம் சொன்னேன். "ஆமாப்பா, எங்க ஊர்ல பனைக்குப் பனை உட்கார்ந்திருக்கும். இப்பப் போனா காணோம்" என்றார்.

"எப்ப இருந்துக்கா காணோம்?"

"அதை யாருப்பா பார்த்தா?"

காக்காயையுமா எண்ணுவாங்க என்று கேட்டவரே இப்படிச் சொன்னதும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பட்டுப்போன பனையின் பொந்தில் முட்டையிடுகிற பறவை அது. பனைகள் போனதாலா, பூச்சிகள் குறைந்ததாலா என்று விசாரிப்பதற்கு முன்னால், எந்த ஆண்டில், எந்தப் பக்கத்தில் குறைய ஆரம்பித்தது என்று தெரிய வேண்டும். அந்த ஊரில் 30 ஆண்டுகளாக ஒருவர் வாரம் 15 நிமிடம் நின்று எழுதியிருந்தால் தெரிந்திருக்கும்.

அதே அறிக்கையில் இன்னொரு கணக்கும் இருக்கிறது. 942 இனங்களில் நீண்டகாலப் போக்கைச் சொல்ல முடிந்தது 338 இனங்களுக்கு மட்டும்தான். அவற்றில் 60 சதவீதம் குறைந்திருந்தன. மீதி இனங்களுக்குப் போதுமான பட்டியல்கள் இல்லை. குறைகிறதா கூடுகிறதா என்று சொல்லவே ஆளில்லை.

எல்லாம் கெட்ட செய்தி என்று நினைக்க வேண்டாம். மயில் பெருகியிருக்கிறது (விவசாயிகளிடம் கேட்டால் அது நல்ல செய்தியா என்று வேறு சண்டை வரும்). குயிலும் கூடியிருக்கிறது. சிட்டுக்குருவி விஷயம் இன்னும் சுவாரசியம். செல்போன் டவர் வந்து சிட்டுக்குருவி அழிந்துவிட்டது என்று பல ஆண்டுகளாகப் பேசினோம், மேடையில் பேசினோம், வாட்ஸ்அப்பில் அனுப்பினோம். 2020இல் வந்த முந்தைய அறிக்கை பட்டியல்களைப் பார்த்துவிட்டு, பெரிய நகரங்களில் குறைந்திருக்கிறது, நாடு முழுக்கப் பார்த்தால் பெரிய மாற்றமில்லை என்றது. கைப்பேசிக் கோபுரங்களால் குறைந்தது என்பதற்கும் சான்று இல்லை. நம் தெருவில் காணோம் என்பது உண்மை, நாட்டிலேயே காணோம் என்பது நாமாகச் சேர்த்துக்கொண்டது. பட்டியல் நம் நினைவையும் திருத்தும்.

சரி, எண்ணுவது எப்படி? முதலில் பயம் வேண்டாம். எல்லாப் பறவையும் தெரிந்த பிறகுதான் ஆரம்பிப்பேன் என்றால் ஆரம்பிக்கவே முடியாது. பத்துப் பறவை தெரிந்தால் போதும். தெரியாததைத் தெரியாது என்று விடலாம், 'ஏதோ ஒரு பருந்து' என்றும் பதியலாம். ஊகித்து ஒரு பெயர் போடுவதுதான் தப்பு. முழுப் பட்டியல் என்றால் உங்களுக்கு அடையாளம் தெரிந்தவற்றில் எதையும் விடாமல் எழுதுவது, உலகத்தில் உள்ளதையெல்லாம் எழுதுவது இல்லை.

அடையாளம் காண நிறத்தை மட்டும் நம்பினால் ஏமாந்துபோவோம். மடையான் வயலில் உட்கார்ந்திருக்கும்போது மண் நிறம், எழுந்து பறந்தால் முழு வெள்ளை. நான் முதல் மாதம் முழுக்க அதை இரண்டு பறவை என்று எழுதினேன். ஆண் குயில் கறுப்பு, பெண் குயில் உடம்பெல்லாம் புள்ளி. இதையும் இரண்டாக எழுதுகிறவர்கள் உண்டு. அலகு எப்படி, வால் எவ்வளவு நீளம், என்ன செய்துகொண்டிருந்தது என்று பாருங்கள். மாட்டுக்குப் பின்னாலேயே நடக்கும் வெள்ளைக் கொக்கு என்றால் அநேகமாக உண்ணிக்கொக்கு. கம்பியிலிருந்து பாய்ந்து பூச்சியைப் பிடித்துக்கொண்டு அதே இடத்துக்குத் திரும்பி, வால் இரண்டாகப் பிளந்திருந்தால் கரிச்சான், அதுதான் இரட்டைவால் குருவி. ஊருக்கு ஊர் பெயர் மாறும், செம்போத்தைச் செண்பகம் என்பார்கள். உங்கள் பாட்டிக்குத் தெரிந்த பெயரைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள், புத்தகத்தில் இல்லாத பெயர் கிடைக்கும்.

எண்ணும்போது வரும் பெரிய சிக்கல் ஒரே பறவையை மறுபடி எண்ணுவது. காகம் கிழக்கே போகும், ஐந்து நிமிடத்தில் மேற்கே வரும். இதே காகமா, வேறு காகமா? சந்தேகம் என்றால் குறைத்தே எழுதுங்கள். கூட்டத்தை எண்ண ஒரு வழி இருக்கிறது. பத்துப் பறவையை எண்ணி, அந்தப் பத்து வானத்தில் எவ்வளவு இடத்தை அடைக்கிறது என்று மனதில் பிடித்துக்கொள்ள வேண்டும். அப்புறம் அப்படி எத்தனை பத்து என்று பார்க்க வேண்டியதுதான். உலை அரிசியைப் படியால் அளப்பதுபோல.

தப்பு செய்தால்? செய்வீர்கள். ஒருமுறை 30 கிளி என்பதற்கு 300 என்று தட்டிவிட்டேன். சில நாளில் ஒரு மடல் வந்தது, மிகவும் மரியாதையாக: இந்த எண்ணிக்கை உங்கள் பகுதிக்கு அதிகமாகத் தெரிகிறது, ஒருமுறை சரிபார்க்க முடியுமா? வழக்கத்துக்கு மாறான பெயரோ எண்ணோ வந்தால் கணினி அதைத் தனியே எடுத்துவைக்கும். அந்தப் பகுதிப் பறவைகளை நன்கு அறிந்த தன்னார்வலர் ஒருவர் பார்ப்பார். திட்டு விழாது.

பதிவுகளில் குறையே இல்லையா என்றால், இருக்கிறது. வீட்டுக்குப் பக்கத்தில், சாலை ஓரத்தில், நகரத்தில் எண்ணுகிறவர்களே அதிகம். முள்ளுக்காடும் மேய்ச்சல் நிலமும் எண்ணப்படாமல் கிடக்கின்றன. ஆராய்ச்சியாளர்கள் கணக்கு போட்டு ஓரளவு சரிக்கட்டுகிறார்கள், ஆனால் ஆளே போகாத இடத்துக்கு எந்தக் கணக்கும் உதவாது. கிராமத்தில் இருக்கிறவர்களுடைய ஒரு பட்டியல், நகரத்தில் பூங்காவில் நடைபோகிறவருடைய பத்துப் பட்டியலைவிட மதிப்புள்ளது என்பது என் கட்சி.

எண்ணிக்கை மட்டும் பறவையைக் காப்பாற்றுமா? காப்பாற்றாது. காப்பாற்றுவது அக்கம்பக்கத்து மனிதர்கள். நம் ஊர்களில் இது கணக்கெடுப்பெல்லாம் வருவதற்கு முன்பே நடந்திருக்கிறது. வேடந்தாங்கல் ஏரிப் பறவைகளை வெள்ளைக்காரச் சிப்பாய்கள் சுட்டபோது, ஊர்க்காரர்கள் செங்கல்பட்டு கலெக்டரிடம் போய் முறையிட்டு, சுடக் கூடாது என்று எழுதி வாங்கினார்கள். 1798 என்கிறது பதிவு. பறவை எச்சம் கலந்த ஏரித் தண்ணீர் பாய்ந்தால் உரம் போடாமலே நெல் விளையும் என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது. பாசமும் உண்டு, பலனும் உண்டு. இரண்டும் சேர்ந்ததால்தான் நிலைத்தது என்று நினைக்கிறேன். சிவகங்கை மாவட்டம் வேட்டங்குடி சரணாலயத்தை ஒட்டிய கொள்ளுகுடிப்பட்டியில் தீபாவளிக்கு வெடி வெடிப்பதில்லை. கண்மாயில் அப்போது நாரைகளும் கொக்குகளும் கூடு கட்டியிருக்கும். ஊரே பேசி முடிவு செய்து, தலைமுறையாகக் கடைப்பிடிக்கிறது. அறிவிப்புப் பலகை வைத்து வருகிற கட்டுப்பாடு இல்லை இது.

ஆனால் எண்ணிக்கையும் ஊரும் சேர்ந்தால் என்ன நடக்கும் என்பதற்கு நாகாலாந்தைப் பார்க்க வேண்டும். சைபீரியா, வடசீனப் பக்கமிருந்து கிளம்பி, ஆப்பிரிக்காவின் தென்கோடி வரை போகிற பறவை அமூர் வல்லூறு. புறா அளவுதான் இருக்கும். வழியில் டோயாங் அணைப் பகுதியில் லட்சக்கணக்கில் இறங்கி ஈசல் தின்னும். 2012இல் அங்கே பங்தி கிராமப் பக்கம் மீன்வலையைக் கட்டி அவற்றைப் பிடித்தார்கள். நாளொன்றுக்கு 12,000க்கு மேல் என்று அங்கே போன பாதுகாப்பு ஆர்வலர்கள் மதிப்பிட்டார்கள். அந்த எண் வெளியே வந்ததும் உலகமே திரும்பிப் பார்த்தது. அடுத்த ஆண்டு, 2013இல், கிராம சபையும் தேவாலயங்களும் அரசும் சேர்ந்து பேசி, வேட்டை அடியோடு நின்றது. அந்த நவம்பரில் மூன்று பறவைகளுக்குச் செயற்கைக்கோள் கருவி பொருத்தி விட்டார்கள். அவற்றுக்கு வைத்த பெயர்கள் நாகா, வோகா, பங்தி. தங்கள் ஊர்ப் பெயரைச் சுமந்துகொண்டு ஒரு பறவை அரபிக்கடலைத் தாண்டுவதைப் பிடித்தவர்களே திரையில் பார்த்தார்கள். வேட்டைக்காரர்களை வில்லனாக்கி முடித்துவிடாமல், அந்த வருமானத்தை நம்பி இருந்தவர்களோடு உட்கார்ந்து பேசியதுதான் அதில் எனக்குப் பெரிதாகப் படுகிறது.

நம் பக்கம் வருவோம். கண்மாய்களிலும் ஏரிகளிலும் ஜனவரி மாதம் நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு நடக்கும். ஆசிய அளவில் 1987இலிருந்து நடக்கிறது. தமிழ்நாடு வனத்துறையும் ஆண்டுதோறும் தன்னார்வலர்களையும் கல்லூரி மாணவர்களையும் சேர்த்துக்கொண்டு பறவைகளைக் கணக்கெடுக்கிறது. பழகியவர் ஒருவரோடு ஒருநாள் கண்மாய்க்கரையில் நின்றால், தனியாக ஒரு மாதத்தில் கற்றுக்கொள்வதைக் கற்றுக்கொள்ளலாம்.

போகிறவர்களுக்கு இரண்டு விஷயம் மட்டும். கூட்டை நெருங்கிப் படம் எடுக்காதீர்கள், கூடு இருக்கும் இடத்தைப் படத்தோடு பரப்பாதீர்கள். நீங்கள் நகர்ந்ததும் காக்காய் வந்து பார்க்கும். இன்னொன்று, பறவையை வரவழைக்க அதன் குரலைச் செல்போனில் போட்டுக் காட்டாதீர்கள். எதிரி வந்துவிட்டான் என்று அது அலைபாயும், அதன் நேரம் வீண். பைனாகுலர் இல்லையே என்று தள்ளிப்போட வேண்டாம். என்னிடம் முதல் இரண்டு ஆண்டு கிடையாது.

எங்கள் மாடியைவிட அக்கா வீட்டு மாடி உயரம். அங்கிருந்து கண்மாய் வரை தெரியும். அடுத்த பொங்கலுக்கு அங்கே ஏறிக்கொள்ளட்டுமா என்று கேட்டு வைத்திருக்கிறேன்.

"வா, காப்பி போட்டுத் தாரேன்" என்றார். "நாரை, கொக்கெல்லாம் நீ பார்த்துக்க. எனக்குத் தெரிஞ்சது காக்காதான், அதை நான் எண்ணிடுறேன்."